சூது கவ்வும் 2-க்கு டிக்கெட் எடுத்து 1,502 ரூபாய் போச்சு: "ரத்து வசதி" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

நேற்று ராத்திரி பறிபோன காசு 1,502 ரூபாய். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பறித்தது சினிமா டிக்கெட் விற்கும் ஓர் ஆப். பெயர் வேண்டாம், எப்படிப் பறித்தார்கள் என்பதையும், நீங்கள் எப்படித் தப்பிக்கலாம் என்பதையும் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சூது கவ்வும் என்றால் தனி மரியாதை. 2013 மே மாதம் முதல் நாளில் வந்த படம், நலன் குமரசாமிக்கு அதுதான் முதல் படம். டிவியில் எப்போது போட்டாலும் அண்ணன் சேனலை மாற்ற விடமாட்டார். அதனால் டிசம்பர் 13-ஆம் தேதி இரண்டாம் பாகம் என்றதும் நானும் மனைவியும், அண்ணன் அண்ணியும், மச்சானும் அவன் வீட்டுக்காரியும் முதல் நாள் ராத்திரிக் காட்சிக்கே போவது என்று முடிவாகிவிட்டது.

ஆனால் எனக்கு ஒரு தயக்கம். விஜய் சேதுபதி இல்லை, இயக்குநரும் வேறு, இசையும் சந்தோஷ் நாராயணன் இல்லை. மிர்ச்சி சிவா நல்ல நடிகர்தான், இருந்தாலும் அந்தப் படத்துக்கு அவர் பொருந்துவாரா? பணம் கட்டும் இடத்தில் "ரத்து வசதி, டிக்கெட்டுக்கு 25 ரூபாய்" என்று பச்சை எழுத்தில் காட்டியது. உடனே கட்டிவிடவில்லை. அவர்களுடைய சாட்டில் போய்த் தெளிவாகவே கேட்டேன்: "படம் சரியில்லை என்று கேள்விப்பட்டால்கூட ரத்து செய்யலாமா?" பதில் வந்தது: "காரணம் எதுவானாலும் பரவாயில்லை சார். காட்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம். முழுத் தொகையும் திரும்ப வரும்." அந்த ஒரு வரியை நம்பித்தான் கட்டினேன். டிக்கெட் 190 வீதம் 1,140. சேவைக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 212 ரூபாய் 40 காசு. ரத்து வசதிக்கு 150. மொத்தம் 1,502.

மறுநாள் காலைக் காட்சி பார்த்த நண்பன் மதியம் கூப்பிட்டான். "வராதே, முதல் படத்தையும் சேர்த்து மறந்துடுவே" என்றான். அப்போது ஆப்பைத் திறந்து பார்த்தால் படத்துக்குப் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மதிப்பெண்! யார் போட்டார்களோ. சரி, ரத்து செய்துவிடலாம் என்று பொத்தானை அழுத்தினேன். "இந்தத் திரையரங்கில் ரத்து வசதி கிடையாது" என்று வந்தது. கிடையாது என்றால் 150 ரூபாயை எதற்கு வாங்கினீர்கள்?

சாட்டில் கேட்டேன். முந்தின நாள் பதிலின் படத்தையும் அனுப்பினேன். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், திரையரங்கைத் தொடர்பு கொள்ளுங்கள்" என்றார்கள். திரையரங்குக்குப் போன் போட்டால், "அந்த 25 ரூபாய் எங்களுக்கு வர்றதே இல்ல சார், வாங்கினவங்களையே கேளுங்க" என்று வைத்துவிட்டார்கள். மறுபடியும் சாட். இந்த முறை வேறு ஆள், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அடுத்த டிக்கெட்டுக்கு 100 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், என் 1,502 ரூபாயைக் கொடுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி, கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேள்வி. வயிறு எரிந்தது.

பணம்தான் வராதே என்று ஆறு பேரும் போனோம். படம் பார்த்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

முதல் படத்தில் விஜய் சேதுபதி நடித்த தாஸ், ஆள் கடத்துவதற்கு ஐந்து விதி வைத்திருப்பார். அதிகாரத்தில் இருக்கிறவன் மேல் கை வைக்காதே என்பது அதில் ஒன்று. அமைச்சர் மகன் அருமைப்பிரகாசத்தைத் தூக்கி அந்த விதியை மீறுகிற இடத்தில்தான் கதையே சூடு பிடிக்கும். நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரை விட்டு ஓடி வந்த பகலவன், வேலை போன இரண்டு பேர், எல்லோரும் நம் பக்கத்து அறையில் இருக்கும் ஆட்கள் மாதிரி. யாரும் சிரிக்க வைக்க முயலவே மாட்டார்கள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத கற்பனைப் பெண் ஷாலு தாஸோடு உட்கார்ந்து பேசுவாள், பக்கத்தில் இருப்பவன் ஒன்றும் சொல்ல மாட்டான், நமக்குச் சிரிப்பு வரும். பேசாத போலீஸ்காரர் பிரம்மா தன் துப்பாக்கியாலேயே பின்பக்கம் சுட்டுக்கொள்வாரே, அந்த இடத்தில் அண்ணன் இன்றைக்கும் சோபாவிலிருந்து எழுந்துவிடுவார்.

இரண்டாம் பாகத்திலும் கற்பனைப் பெண் உண்டு, பெயர் அம்மு. கருணாகரன் மறுபடி அருமைப்பிரகாசமாக வருகிறார், எம்.எஸ்.பாஸ்கர், ராதாரவி எல்லோரும் வருகிறார்கள். வந்து என்ன? ஷாலு இல்லாவிட்டால் தாஸ் என்கிற மனிதனே இல்லை. அம்முவை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் ஒரு காட்சியும் மாறாது. முதல் படத்தில் அருமைப்பிரகாசம் பெற்ற அப்பாவிடமே பணம் கறக்கப் பார்ப்பார், அந்தப் பால் வடியும் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இங்கே பெரிய பதவியில் உட்கார வைத்துவிட்டு அவருக்குச் செய்ய ஒன்றும் கொடுக்கவில்லை. சிவா தன் பாணியில் இழுத்து இழுத்துப் பேசுகிறார். அது அவர் நடித்த "தமிழ்ப்படம்" என்ற கேலிப் படத்துக்குச் சரி, இங்கே ஒட்டவில்லை. அரசியல் நையாண்டி என்று செய்தித் தலைப்புகளை வசனமாக்கி வைத்திருக்கிறார்கள். இடைவேளையில் அண்ணி, "கிளம்பலாமா?" என்றார். 1,502 ரூபாய் ஆயிற்றே என்று உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மட்டும் படம் முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தப்பிக்கும் வழியை விவரமாகச் சொல்கிறேன் என்றேன். எழுதுகிற நிதானம் இப்போது இல்லை. ரத்து வசதிக்குத் தனியாகக் காசு கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டுமென்றால் அந்தத் திரையரங்கின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பதிலைப் படம் பிடித்து வையுங்கள். முதல் நாள் மதிப்பெண்ணை நம்பாதீர்கள். முடிந்தால் கவுண்டரிலேயே டிக்கெட் வாங்குங்கள், சேவைக் கட்டணமாவது மிஞ்சும். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் காலையிலேயே அதில் பதிந்துவிட்டேன், 150 அல்ல, முழு 1,502 ரூபாய்க்கும்.