முறிகண்டிக் கச்சானும் சந்தைக் கச்சானும்: தராசில் வைத்துப் பார்த்தேன்

யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 வீதியால் போகிற பஸ் முறிகண்டியில் நிற்காமல் போய் நான் கண்டதில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், ஒரு துண்டுக் கற்பூரம், நெற்றியில் திருநீறு, அப்புறம் கையில் கச்சான் (நிலக்கடலை) பை. நான் கிளிநொச்சியில் இருக்கிறவன். மாதத்தில் இரண்டு தடவையாவது வவுனியா போய் வருவேன், வரும்போதெல்லாம் வாங்குவேன், அதுவும் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் சந்தையில் கச்சான் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டே. இந்த முறை கணக்கைப் பார்த்துவிடுவோம் என்று இரண்டு இடத்திலும் 200 ரூபாய்க்கு வாங்கி, மனிசி கேக் அடிக்க வைத்திருக்கிற தராசில் போட்டேன். முறிகண்டி 140 கிராம், சந்தை 170.

அங்கே கணக்குப் பார்க்க எங்கே விடுகிறார்கள்! டிரைவர் ஐந்து நிமிடம் என்பார், மூன்றாவது நிமிடமே ஹோர்ன் அடிப்பார். விறகடுப்பில் பெரிய தாச்சி, அதற்குள் மணல், மணலோடு கச்சான் புரள்கிற சத்தம், அந்த மணம். நான் விலை கேட்க வாய் திறக்கும் முன்பே கடைக்கார அம்மா நாலு கச்சானை எடுத்து உள்ளங்கையில் வைத்துவிட்டா. "சுடச்சுட இருக்கு தம்பி, திண்டு பாருங்கோ." திண்ட பிறகு வேண்டாம் என்று எப்படித் திரும்புவது? பேணியால் அள்ளிக் கொட்டி, மேலே ஒரு பிடி கூடப் போட்டா. அந்தப் பேணியின் அடி உள்ளுக்கு நெளிந்திருந்ததை நான் கண்டேன். கண்டும் அந்த ஒரு பிடிக்குத்தான் சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் இரண்டையும் உடைத்து இரண்டு கிண்ணத்தில் போட்டு, அம்மாவின் கண்ணைத் துவாயால் கட்டிவிட்டுக் கொடுத்தோம். "இதுதான் முறிகண்டி" என்று அடித்துச் சொன்னா. அவ காட்டியது சந்தைக் கச்சான். மகள் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குக் கோபம் வந்து, "அப்ப நீ ஆறின பிறகு கொண்டு வந்திருக்கிறாய்" என்று பழியை என்னில் போட்டுவிட்டா.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 1975இல் அமெரிக்காவில் பெப்சிக் கம்பனி பெயரை மறைத்துப் பெப்சி, கோக் இரண்டு சோடாவையும் குடிக்கக் கொடுத்து இதே விளையாட்டை விளம்பரமாகச் செய்தது. 2004இல் அங்கத்தைய விஞ்ஞானிகள் குடிக்கிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குடிப்பது கோக் என்று சொல்லிக் கொடுத்தபோது நினைவோடு சம்பந்தப்பட்ட பகுதிகளும் சேர்ந்து வேலை செய்தன, விருப்பமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. நாக்கு மட்டும் ருசி பார்ப்பதில்லைப் போல. அம்மாவுக்கு முறிகண்டி என்றால் ஐயாவோடு பஸ்ஸில் போனது, கடதாசிச் சரையில் கச்சான், பிறகு 2006 ஓகஸ்டில் சண்டையால் பாதை மூடினது, இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்த காலத்தில் அந்த அடுப்புகள் மறுபடி எரிவதைக் கண்டது. இதை 30 கிராமோடு நான் எப்படிக் கழிப்பது?

அதற்காக எல்லாக் கடையும் ஒன்றில்லை. போன வருடம் ஒரு கடையில் (எது என்று சொல்லமாட்டேன்) வாங்கிய பையில் கால்வாசி பருப்பில்லாத சப்பி, மிச்சம் காறல். முதல் நாள் வறுத்ததை மேலே கொஞ்சம் சூடு காட்டி விற்றிருக்கிறார்கள். ஆகவே தாச்சியில் இப்போது வறுபடுகிற கடையாகப் பாருங்கள், கட்டி வைத்த பை வேண்டாம், இரண்டு கச்சானைக் காதுக்குக் கிட்டக் குலுக்கினால் பருப்பு ஆடுகிற சத்தத்தில் காய்ந்ததா என்று தெரியும். கச்சான் அல்வாவும் வாங்கலாம், ஆனால் வெயிலில் கிடந்தது பல்லில் ஒட்டும்.

சுடச் சுட அங்கேயே நின்று தின்ன முறிகண்டிக்குப் பத்துக்கு ஒன்பது. வீட்டுக்குக் கொண்டுபோக என்றால் ஆறு, சந்தைக்கு எட்டு.

வருகிற வெள்ளி திரும்பவும் வவுனியா போகிறேன். அம்மா இரண்டு பை சொல்லியிருக்கிறா, சந்தையில் வாங்கி ஏமாற்றக்கூடாதாம்.