ஆவர்த்தன அட்டவணை வாங்கப் போகிறீர்களா? 118ஆவது கட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்

மகள் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிக்கிறாள், மேசைக்கு மேலே ஒட்ட ஆவர்த்தன அட்டவணை வேண்டும் என்றாள். திருகோணமலை நகரில் ஒரு புத்தகக் கடையில் 450 ரூபாய்க்கு லமினேட் செய்த பெரிய தாள் கிடைத்தது. தாள் நல்ல தடிப்பு. கட்டிலில் இருந்து பார்த்தாலும் எழுத்து தெரிகிறது, எங்கள் வீடு உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட, அந்த உப்புக் காற்றிலும் இரண்டு மாதமாக ஓரம் கிளம்பவில்லை.

சிக்கல் ஏழாம் ஆவர்த்தனத்தின், அதாவது ஏழாவது கிடை வரிசையின், வலது ஓரத்தில். 113, 115, 117, 118 ஆகிய நான்கு மூலகங்களுக்கும் பழைய தற்காலிகப் பெயர்களே கிடக்கின்றன. 118இல் 'அனனொக்டியம்' என்று இருந்ததைப் பார்த்து “அப்பா, இதென்ன பெயர்?” என்று கேட்டாள். அது பெயரே இல்லை, ஒன்று, ஒன்று, எட்டு என்ற எண்களைச் சேர்த்த சொல். 2016 நவம்பரிலேயே அந்த மூலகத்துக்கு ஒகனெசன் என்று பெயர் வைத்தாகிவிட்டது, யூரி ஒகனேசியன் என்ற விஞ்ஞானி உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை வைத்தார்கள்.

அவர் இருந்த ரஷ்யாவின் துப்னா ஆய்வுகூடத்தில், அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வாளர்களும் சேர்ந்து, கலிபோர்னியம்-249 மீது கல்சியம்-48 அணுக்களை மாதக்கணக்கில் மோதவிட்டார்கள். கலிபோர்னியத்தின் 98 புரோத்தனும் கல்சியத்தின் 20 புரோத்தனும் சேர்ந்தால் 118. மூன்று நியூத்திரன் வெளியே போக மிஞ்சுவது ஒகனெசன்-294. 2002இல் முதல் அணு தென்பட்டது, 2006இல்தான் அறிவித்தார்கள். இதுவரை விரல் விட்டு எண்ணக்கூடிய அணுக்கள்தான் கிடைத்திருக்கின்றன, அரைவாழ்வுக் காலம் (பாதி அணுக்கள் சிதைந்துபோக எடுக்கும் நேரம்) ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த மூலகத்துக்குப் பெயரைக்கூடச் சரியாகப் போடாமல் விற்பது எனக்கு மனவருத்தம்தான்.

இன்னொரு பிழையும் உண்டு. ஒகனெசன் இருக்கும் கடைசி நிரலான 18ஆம் கூட்டம் முழுவதற்கும் வாயுவின் நிறம் அடித்திருக்கிறார்கள். ஒகனெசனை யாரும் தொட்டு அளந்ததில்லை, ஆனால் கணிப்புகளின்படி அது அறை வெப்பநிலையில் திண்மமாக இருக்கும். கரு அவ்வளவு பாரமாகும்போது உள் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகின்றன, அதனால் மற்ற விழுமிய வாயுக்களைப் போல அது நடந்துகொள்ளாது என்கிறார்கள். அந்தக் கட்டத்தை நிறமில்லாமல் விட்டிருந்தால் போதும்.

மற்ற இடங்களில் நான் பார்த்த அளவில் பிழை இல்லை, அணுத்திணிவுகளைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். கடைக்காரரிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார், ஆனால் மாற்றித் தர வேறு பதிப்பு அவரிடம் இல்லை. சரி, வெள்ளை ஸ்டிக்கர் வெட்டி நிகோனியம், மொஸ்கோவியம், தென்னசீன், ஒகனெசன் என்று மகள் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டோம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.