எட்டு வருடமாக என் சுவரில் ஒரு பழைய கொடி ரோஜா: மதாம் அல்ஃப்ரெட் காரியேர் வளர்த்த அனுபவம்

இந்தச் செடியைப் பற்றி முதல் வருடமே எழுதியிருந்தால் "பூக்கவே பூக்காது, வேறு ஏதாவது பாருங்கள்" என்று எழுதியிருப்பேன். மூன்றாம் வருடம் எழுதியிருந்தால் "உச்சியில் மட்டும் நாலு பூ, ஏணி போட்டு ஏறினால்தான் வாசனை" என்று எழுதியிருப்பேன். இரண்டும் அந்தந்த நேரத்துக்கு உண்மைதான். எட்டு வருடம் கூடவே இருந்து பார்த்த பிறகு எழுதுவதால்தான் இப்போது வேறு மாதிரி சொல்ல முடிகிறது. பழைய கொடி ரோஜா எதையுமே ஒரு பருவத்தை வைத்து எடை போடாதீர்கள்.

முதலில் செடி யார் என்று சொல்லிவிடுகிறேன். மதாம் அல்ஃப்ரெட் காரியேர், 1879-ல் பிரான்ஸின் லியோன் நகரில் ஜோசப் ஷ்வார்ட்ஸ் என்பவர் வெளியிட்ட ரகம். நுவாசெட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1800-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் பக்கம் நெல் பயிரிட்டு வந்த ஜான் சாம்ப்னீஸ் என்பவரின் தோட்டத்தில் கஸ்தூரி ரோஜாவும் சீனத்து ரோஜாவும் கலந்து ஒரு புதுச் செடி வந்தது. அதன் வழியில் இன்னொரு செடியை உருவாக்கிய ஃபிலிப் நுவாசெட், அதைப் பாரிஸில் நர்சரி வைத்திருந்த தன் அண்ணன் தம்பிகளில் ஒருவரான லூயிக்கு அனுப்பினார். கஸ்தூரி ரோஜாவிடமிருந்து ஏறும் குணமும் வாசனையும், சீனத்து ரோஜாவிடமிருந்து மறுபடி மறுபடி பூக்கும் குணமும் வந்தன. என் சுவரில் இருப்பது அந்த வம்சத்தின் பேத்தி.

பழைய ரோஜா என்று சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டு. 1867-க்கு முன்பே இருந்த வகுப்புகளைத்தான் பழைய ரோஜா என்பார்கள். இந்த ரகம் அதற்குப் பன்னிரண்டு வருடம் பிந்தியது. ஆனால் நுவாசெட் வகுப்பு அதற்கு முன்பே இருந்ததால் இதுவும் பழைய ரோஜாதான்.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சுவர். காட்டேஜ் தோட்டம் மாதிரி, வரிசை இல்லாமல், செடிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற இடம் வேண்டும் என்று ஆசை. அதற்குப் பின்னால் ஒரு செங்கல் சுவர். நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் வெயில் படாது. பெரும்பாலான ரோஜாவுக்கு அது போதாது. அரை நிழலிலும் தாக்குப்பிடிக்கும் கொடி ரோஜாக்களில் இந்தப் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. இங்கிலாந்தின் சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தை எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவர் கணவர் ஹரோல்ட் நிக்கல்சனும் 1930-ல் வாங்கியபோது, பத்திரம் முடிவதற்கு முன்பே அங்கிருந்த சின்ன வீட்டுச் சுவரோரம் நட்டது இந்த ரோஜாவைத்தான். இதைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நட்ட விஷயத்தில் ஒரு தப்பு நடந்தது. அந்த இடத்தில் முன்பு வேறொரு ரோஜா பல வருடம் நின்றிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் இதை வைத்தேன். தண்ணீர், தொழு உரம் எல்லாம் குறையில்லாமல் போட்டும் செடி அசையவில்லை. இலை சின்னது, தளிர் மெலிந்தது. ரோஜா நின்ற மண்ணில் உடனே இன்னொரு ரோஜா வைத்தால் புது வேர் பிடிக்கத் திணறும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வளர்ச்சி ஓய்ந்திருந்த குளிர்காலத்தில் செடியை எடுத்து, அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்துக்குப் பழைய மண்ணை அள்ளி வெளியே போட்டு, ரோஜாவே வளராத பாத்தியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பித் திரும்ப நட்டேன். அந்த வருடமே இலையின் நிறம் மாறியது. ஒரு முழு வருடம் வீணானதுதான் வருத்தம்.

இரண்டாவது முறை நட்டபோது சுவரை ஒட்டி வைக்கவில்லை. 45 செ.மீ. தள்ளி, வேர் சுவருக்கு எதிர்ப்பக்கம் போகிற மாதிரிக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். மழை எவ்வளவு பெய்தாலும் சுவரடி மண் காய்ந்தே கிடக்கும். செங்கல்லும் ஈரத்தை உறிஞ்சும். கையை விட்டுத் தோண்டிப் பாருங்கள், அடைமழைக்குப் பிறகும் அங்கே தூசி பறக்கும். வேர் தரும் அடிச்செடியோடு இந்த ரகத்தை ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு 5 செ.மீ. கீழே போகும்படி வைத்தேன். அடிச்செடியிலிருந்து முளைவிடுவது அதனால் குறைந்தது. ஒன்றிரண்டு முளை வரத்தான் செய்தது. அவற்றைக் கத்தரியால் வெட்டினால் இன்னும் அடர்த்தியாக வரும். மண்ணைத் தோண்டி, முளை கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்துக் கையால் பிய்த்து எடுத்தேன்.

சரி, இப்போது முக்கியமான விஷயம்.

மூன்றாம் வருடம் செடி ஓடத் தொடங்கியது. நாலு கொம்பு, ஒவ்வொன்றும் நாலு மீட்டர் உயரம், நேராக மேலே. பார்க்கப் பெருமையாக இருந்தது. பூ வந்ததோ உச்சியில் மட்டும். கீழே மூன்று மீட்டருக்கு வெறும் தண்டு. உரம் பற்றாது என்று நினைத்து இன்னும் போட்டேன், கொம்பு இன்னும் உயர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "உரத்தை நிறுத்துங்க. கொம்பைப் படுக்க வெச்சுக் கட்டுங்க, பூ தன்னால வரும்."

எட்டு வருடத்தில் நான் கற்றதில் பாதி இந்த ஒரு வரிதான். நேராக நிற்கும் கொம்பின் நுனி மொட்டு ஆக்சின் என்ற ஒரு பொருளைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது இருக்கும்வரை கீழே உள்ள கணுக்கள் உறங்கும். கொம்பைப் படுக்கை வாட்டில் வளைத்துவிட்டால் நுனியின் ஆதிக்கம் தளர்ந்து கணுவுக்குக் கணு முளை விழிக்கும். அந்தப் பக்கக் கிளைகள்தான் பூக்கும். கொடி ரோஜாவில் பூ குறைவாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது கொம்பு நிற்கும் கோணத்தைத்தான், உரப்பையை அல்ல.

வளைப்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் நேரம் குளிர்காலத்தின் கடைசி. தளிர் கிளம்பும் முன். ஒரு வயதுக் கொம்பு பச்சையாக, விரலில் சுற்றலாம் போல இளகி இருக்கும். மூன்று வயதுக் கொம்பு தவிட்டு நிறமாகி விறைத்திருக்கும். மழை பெய்த மறுநாள் செய்தால் இன்னும் எளிது. இடது கையால் அடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மேலே நகர்த்தி நகர்த்தி, ஒரு சாண் ஒரு சாணாக இறக்குவேன். நடுவில் 'மொறு' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். அது வந்த இடத்தில் நிறுத்திக் கட்டிவிட வேண்டும். மீதியைப் பத்து நாள் கழித்துப் பார்க்கலாம். நாலாம் வருடம் அவசரப்பட்டு ஒரு கொம்பை ஒரே மூச்சில் இறக்கினேன். அடியில் விண்டு பாதி பிளந்துவிட்டது. துணிப்பட்டையால் இறுக்கிச் சுற்றிவைத்தேன். ஒரு பக்கப் பட்டை முழுசாக இருந்ததால் பிழைத்துக்கொண்டது. இன்றும் அந்த இடத்தில் முட்டி மாதிரி ஒரு தழும்பு தெரியும்.

அந்த வசந்தத்தில், படுக்க வைத்த ஒரே கொம்பில் பக்க முளைகளை எண்ணினேன். இரண்டரை மீட்டர் நீளத்தில் 23. ஒவ்வொன்றின் நுனியிலும் கொத்தாக மொட்டு. என் கண் மட்டத்தில்.

சுவரில் கம்பி கட்டியதைப் பற்றிக் கொஞ்சம். துத்தநாகம் பூசிய 2 மி.மீ. கம்பியை 40 செ.மீ. இடைவெளியில் ஐந்து வரிசை இழுத்திருக்கிறேன். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே கை நுழையும் இடம் விட்டது நல்லதாயிற்று. காற்று ஓடுவதால் சாம்பல் நோய் இதுவரை பெரிதாக வரவில்லை. கொம்பைக் கம்பிக்குப் பின்னால் நுழைக்காமல் முன்பக்கமாகவே கட்டுங்கள். பின்னால் போனது பருத்த பிறகு வெளியே வராது. கட்டுவதற்குச் சணல் கயிறு போதும், எட்டு வடிவில் தளர்வாக. முதலில் நான் பிளாஸ்டிக் பூசிய மெல்லிய கம்பியால் கட்டியிருந்தேன். இரண்டு வருடத்தில் கொம்பு பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்து, ஒரு முழுக் கொம்பு கோடையில் கருகியது. சணல் வருடத்துக்கு ஒருமுறை இற்றுப்போகும். அப்படி இற்றுப்போவதே எனக்கு வசதி, மாற்றிக் கட்டும்போது ஒவ்வொரு கொம்பையும் தொட்டுப் பார்த்துவிடலாம்.

கவாத்து எளிது. குளிர்கால முடிவில் பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுவேன். ஐந்தாம் வருடத்திலிருந்து, மிக வயதான கொம்பு ஒன்றை அடியோடு எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் புதுக் கொம்பு வரும். ஒன்று கவனியுங்கள்: வருடத்துக்கு ஒரே முறை பூக்கும் கொடி ரகம் உங்களிடம் இருந்தால் குளிர்காலத்தில் இப்படி வெட்டக் கூடாது. அவற்றுக்குப் பூத்து முடிந்த கையோடு கவாத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடப் பூவையே வெட்டிப்போட்டுவிடுவீர்கள்.

இனி பூ. மொட்டில் இளஞ்சிவப்புக் கீற்று ஓடும். விரிந்தால் பால் வெள்ளை. குளிர்ந்த நாட்களில் நடு இதழ்களில் அந்தச் சிவப்பின் சாயல் தங்கிவிடும், வெயில் ஏறிய நாட்களில் முழு வெள்ளை. இதழ்கள் ஒழுங்காக அடுக்கியது போல இருக்காது. கையால் கசக்கி விரித்த மெல்லிய துணி மாதிரி இருக்கும். காம்பு மெலிந்ததால் பூ தலை கவிழ்ந்து தொங்கும். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். சுவரில் ஏறும் செடிக்கு அதைவிட நல்ல குணம் கிடையாது என்பேன், கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர் முகத்தைப் பார்த்தபடிதான் பூ இருக்கும். வாசனை காலையில் பலமாக இருக்கும், அடர்த்தியாக, இனிப்பாக. முதல் அலை பெரியது. அதன் பிறகு ஓய்ந்து ஓய்ந்து குளிர் வரும்வரை பூக்கும்.

குறை இல்லாமல் இல்லை. தொடர்ந்து மூன்று நாள் மழை பிடித்தால் மொட்டின் வெளி இதழ்கள் ஒட்டிக்கொண்டு, விரியாமலே பழுப்பாகி உருண்டையாக நின்றுவிடும். வெள்ளைப் பூ என்பதால் இலைப்பேன் சுரண்டிய விளிம்பு அப்படியே தெரியும். பறித்து ஜாடியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கினால் அதிகம். கரும்புள்ளி நோய் அடிப்பக்க இலைகளில் வருடா வருடம் வருகிறது. இந்த நோயின் பூசணம் இலையில் ஏழு மணி நேரமாவது ஈரம் நின்றால்தான் உள்ளே இறங்கும். அதனால் மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்தினேன். காலையில், அடியில் மட்டும். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டு மூடாக்குப் போடுகிறேன், மழைத்துளி மண்ணில் பட்டு இலைக்குத் தெறிக்காது. இவ்வளவுக்கே நோய் பாதியாகக் குறைந்தது. தளிர்க் காலத்தில் அசுவினி மொய்க்கும். மருந்தைத் தூக்காமல் இரண்டு வாரம் பொறுத்தால் பொறிவண்டின் புழுக்கள் வந்து சேர்ந்துவிடும். பொறுக்க முடியாத இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி உதறிவிடுகிறேன்.

காட்டேஜ் தோட்டத்தில் ரோஜாவின் அடியை நிறைப்பது தனிக் கலை. எனக்கு இருந்த ஆசையில் முதல் வருடமே நரிக்கையுறைப் (ஃபாக்ஸ்குளோவ்) பூச்செடிகளை நெருக்கி நட்டுவிட்டேன். அவற்றின் அகல இலை ரோஜாக் கன்றை மூடிவிட்டது. கன்றைச் சுற்றி 60 செ.மீ. இரண்டு வருடமாவது காலியாக விடுங்கள். லாவெண்டரும் சரிவரவில்லை. அதற்குச் சத்துக் குறைந்த காய்ந்த மண் வேண்டும், ரோஜாவோ பெரும் பசிக்காரி. உரம் போட்ட மண்ணில் லாவெண்டர் கொழுத்துச் சரிந்தது. அதை வெயில் படும் பாதையோரம் மாற்றினேன். இப்போது அடியில் நிற்பது நீலப்பூ ஜெரேனியமும் கேட்மின்ட்டும். இரண்டும் ரோஜாவின் வெறுங்காலை மறைக்கின்றன, அடியையும் குளிர வைக்கின்றன. ஐந்தாம் வருடம் ஊதா நிறக் கிளமாட்டிஸ் கொடி ஒன்றை மேலே ஏற்றினேன். விட்டிசெல்லா வகை. அதைக் குளிர்கால முடிவில் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டிவிடலாம் என்பதால் ரோஜாவைக் கட்டும் நேரத்தில் குறுக்கே நிற்காது. ரோஜாவின் முதல் அலை ஓயும் சமயம் அது பூக்கத் தொடங்கும்.

யாருக்கு இது வேண்டாம்? ஐந்து மீட்டர் வரை ஓடும் செடி இது. இரண்டு மீட்டர் வேலிக்கோ தொட்டிக்கோ வாங்கினால் வருடம் முழுக்க வெட்டிக்கொண்டே இருப்பீர்கள். வழிநடையோரம் வைக்க முள்ளே வேண்டாம் என்பவர்கள் 1868-ல் வந்த ஸெஃபிரின் துருவான் என்ற கொடி ரோஜா பக்கம் போவார்கள். அழகான ரோஜாப்பூ நிறம், முள் இல்லை. ஆனால் கரும்புள்ளிக்கு அது எளிதில் பணியும். இதிலும் முள் குறைவுதான், கட்டும்போது கையுறையைக் கழற்றிவிட்டே வேலை பார்க்கிறேன்.

இந்தக் குளிர்காலம் அந்தத் தழும்புக் கொம்பை எடுக்க வேண்டிய முறை. கத்தரியோடு போய்ப் பார்த்தால் அதன் அடியிலேயே கட்டைவிரல் பருமனில் ஒரு புதுக் கொம்பு, மூன்று மீட்டர், இன்னும் பச்சை மாறாமல். பழையதை இன்னும் எடுக்கவில்லை. புதியதை முதலில் சன்னல் பக்கம் இறக்கிக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு கட்டு முடிந்தது, மூன்றாவது அடுத்த மழைக்குப் பிறகு.