கொழுந்துக் கூலி: நுவரெலியாவா, நீலகிரியா?

இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு, நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போன சொந்தங்கள் இங்கே நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் பல லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) உண்டு. போனில் பேசினால் கடைசியில் வந்து நிற்பது கூலிக் கணக்கில்தான்.

நாள் சம்பளம்: இங்கே 2024 செப்டம்பரில் 1,350 ரூபா. அங்கே அப்போது 400 இந்திய ரூபாய்க்குச் சற்று மேல், நம் காசில் 1,400, 1,500 வந்தது. பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

கையில் கிடைப்பது: வில்லங்கம் இதில்தான். இங்கே கேட்ட கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். மழை நாளில் 18 கிலோ கேட்டு 15 நிறுத்தால், அதிலும் தண்ணீருக்கென்று கழிப்பார்கள். அறிவித்த தொகையை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அங்கேயும் கிலோக் கணக்கு உண்டு.

அரிசி: தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் இலவசம். இங்கே கடை விலை.

சேமலாப நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு): சம்பளத்தில் இங்கே தோட்டம் 12 வீதம், நாம் 8 போடுகிறோம். அங்கே இருபக்கமும் 12.

வீடு: இரண்டிலும் லயம்தான், விடுங்கள்.

சாப்பாட்டுக்கே சம்பளம் கரையும் பெரிய குடும்பத்துக்கு, இந்தியக் குடியுரிமையும் இருந்தால், அந்தப் பக்கம் தேவலை. கை வேகமானவருக்கு, மேலதிகக் கிலோவுக்கு ஒழுங்காகக் காசு போடும் தோட்டமென்றால், இங்கேயே சரி.