தண்ணீர் ராக்கெட் கிட்: சில்வர் பீச்சில் இரண்டு வருஷம்

என் தங்கை டல்லாஸிலிருந்து வந்தபோது பையனுக்கு ஒரு எஸ்டெஸ் ஆல்ஃபா 3 கிட் கொண்டுவந்தாள். அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, ஒரே வார்ப்பாக வந்த இறக்கை, பன்னிரண்டு அங்குல பாராசூட். ஒரே மாலையில் ஒட்டி முடித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் பையன் கேட்டான்: "அப்பா, எஞ்சின் எங்க?"

எஞ்சின் வரவில்லை, வரவும் முடியாது. அது அட்டை உறைக்குள் கருமருந்து அடைத்த சாமான். விமானத்தில் கைப்பையிலும் வைக்கக்கூடாது, பெட்டியிலும் போடக்கூடாது. கிட்டோடு வந்த தாளில் 'ஏ8-3' என்று எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே பெருமூச்சு விட்டோம். ஏ என்றால் மொத்தக் கணத்தாக்கு, அதாவது தள்ளும் விசையை நேரத்தால் பெருக்கியது, இரண்டரை நியூட்டன்-செகண்டுக்குள். எட்டு, சராசரி உந்துவிசை எட்டு நியூட்டன். மூன்று, எரிந்து முடிந்த மூன்று செகண்டுக்குப் பிறகு சின்னதாக ஒரு வெடிப்பு மூக்கைத் தள்ளி பாராசூட்டை வெளியே விடும். இந்தக் கடைசி எண்ணின் அருமை எங்களுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

ராக்கெட் ஷோகேஸில் ஏறியது. பையன் முகம் பார்க்கச் சகிக்காமல் ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு ஒரு தண்ணீர் ராக்கெட் கிட் வாங்கினேன். இப்போது இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. நோட்டில் குறித்து வைத்திருக்கிற கணக்குப்படி 140 தடவைக்கு மேல் ஏவியிருக்கிறோம். யாராவது வாங்க நினைத்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருந்தவை: ஒரு லாஞ்சர், பாட்டில் வாயில் திருகும் மூடி, ரப்பர் பட்டையால் கட்டுகிற நாலு இறக்கை, ஸ்பாஞ்ச் மூக்கு, இரண்டு மீட்டர் கயிறு. பாட்டில் நம்முடையது. கூல்டிரிங்ஸ் பாட்டில் மட்டுமே ஆகும், கேஸ் அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்தது அது. குடிதண்ணீர் பாட்டிலும் ஜூஸ் பாட்டிலும் மெல்லிசு, பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் கேட்டால் ரெண்டேகால் லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை சும்மாவே கிடைக்கும்.

முதல் நாளே பல்லிளித்தது பம்ப் விஷயம். லாஞ்சரில் இருப்பது பைக் டயரில் இருக்கிற மாதிரி வால்வு. எங்கள் வீட்டு சைக்கிள் பம்ப் அதில் உட்காரவே இல்லை. பைக்குக்கும் பொருந்துகிற, மீட்டர் வைத்த கால் பம்ப் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கிட்டின் விலை. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வேலை செய்யும் விதம் எளிது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், எங்கள் பாட்டிலுக்கு 750 மில்லி. மேலே காற்றை 60 பிஎஸ்ஐ வரை ஏற்றிக் கயிற்றை இழுத்தால், காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், தண்ணீர் பாட்டிலை மேலே தள்ளும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் ராக்கெட் கனத்துப் போய் சோம்பேறியாக எழும்பும். குறைத்தால் தள்ளுவதற்குப் பொருள் இல்லை, புஸ்ஸென்று காற்றுதான் போகும். பையன் 100 மில்லியிலிருந்து 1,400 மில்லி வரை மாற்றி மாற்றிப் பார்த்தான். மூன்றில் ஒரு பங்குதான் ஜெயித்தது.

உயரம் அளக்க ஜியோமெட்ரி பாக்ஸ் பாகைமானி, அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நட்டு. ஐம்பது மீட்டர் தள்ளி நின்று உச்சியைக் குறிபார்த்தால் 38 டிகிரி. ஐம்பதை 38-இன் டேன்ஜெண்டால் பெருக்கி, கண் உயரத்தையும் கூட்டினால் நாற்பது மீட்டர் சொச்சம். ஒன்பதாம் வகுப்புப் பையன், வரப்போகிற கணக்கை மணலில் குச்சியால் போட்டான். கிட்டின் அட்டைப்பெட்டி நூறு மீட்டர் என்கிறது. நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை.

இனி காற்று விஷயம். கடலூர், புதுச்சேரிக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் முதலில் முயன்றோம். நாலு பக்கமும் கிரிக்கெட், இரண்டு பேர் திட்டினார்கள், நியாயம்தான். அப்புறம் சில்வர் பீச். முதல் ஞாயிறு பதினோரு மணிக்குப் போனோம். ராக்கெட் அழகாக எழும்பியது, பிறகு யாரோ கழுத்தைப் பிடித்துத் திருப்பிய மாதிரி கடலைப் பார்த்துச் சாய்ந்து அலைக்கு அப்பால் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "கொண்டல் ஏறிடுச்சு தம்பி. இப்ப எத வுட்டாலும் அத மோந்துக்கிட்டுதான் போவும்."

அவர் சொன்னதுதான் விஞ்ஞானம். இறக்கை வைத்த எதுவும் காற்று வருகிற திசைக்கு மூக்கைத் திருப்பும். பகல் ஏற ஏறக் காற்று கடலிலிருந்து வரும், அதுதான் கொண்டல்; ராக்கெட் கடலுக்குப் போகும். விடிகாலையில் காற்று கரையிலிருந்து வீசும், அப்போது விட்டால் சவுக்குத் தோப்புப் பக்கம்தான் சாயும், நடந்து போய் எடுத்துவரலாம். ஆறு மணிக்கு மாறிய பிறகு கடலுக்குப் போனது ஒன்றே ஒன்று. அதுவும் வேகமாக ஓடி நனைந்து எடுத்தேன். பிளாஸ்டிக்கைக் கடலில் விட்டுவர மனசு வராது.

இதில் ஒரு கூத்து உண்டு. பாராசூட் வைத்தால் எல்லாம் தலைகீழ். பாராசூட் விரிந்த பிறகு காற்று போகிற பக்கம்தான் ராக்கெட் போகும். காலையில் பாராசூட்டோடு விட்டால் கரைக்காற்று அதைப் பத்திரமாகக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆக, பாராசூட் இல்லாவிட்டால் காலை, பாராசூட் இருந்தால் கொண்டல் ஏறிய பிறகு. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு மாசமும் மூன்று பாட்டிலும் ஆயிற்று.

ஷோகேஸ் ராக்கெட்டின் பாராசூட்டைத்தான் கழற்றி மாட்டினோம். பன்னிரண்டு அங்குலம் எங்கள் பாட்டிலின் கனத்துக்குச் சின்னது, கொஞ்சம் வேகமாகவே இறங்கும், மணல் என்பதால் தாங்கியது. பிரச்சினை அது விரிவதில்தான். கருமருந்து எஞ்சினில் அந்த 'மூன்று' பார்த்துக்கொள்கிற வேலையை இங்கே யார் செய்வது? மூக்கைத் தளர்வாக வைத்து, உச்சியில் தானாகக் கழன்று விழட்டும் என்று விடுகிறோம். பத்தில் நாலு தடவை திறக்கும். மீதி ஆறு தடவை மூக்கால் மணலைக் குத்தும்.

அதனால்தான் மூக்கை மாற்றினேன். கிட்டின் ஸ்பாஞ்ச் மூக்கு மூன்றாம் வாரமே பிய்ந்தது. தெரு கிரிக்கெட் டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்து, உள்ளே களிமண் அடைத்து பேக்கிங் டேப்பால் சுற்றினால் அருமையான மூக்கு. கனம் முன்னால் வந்ததும் ராக்கெட் குட்டிக்கரணம் போடுவதும் நின்றது. சோதிக்க, தண்ணீர் இல்லாத ராக்கெட்டை எடை சமமாகும் இடத்தில் நூல் கட்டித் தலையைச் சுற்றிச் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் பறக்கும். வால் முன்னால் வந்தால் இன்னும் களிமண்.

கிட்டின் இறக்கைகளும் ஆறு மாசத்தில் உடைந்தன. இப்போது பழைய சன்பேக் ஷீட் (பிளாஸ்டிக் அட்டை) பேனரில் வெட்டிய இறக்கைகள், அச்சாபீஸில் கேட்டால் கழிவு தருவார்கள். குளூ கன் வேண்டாம், சூட்டில் பாட்டில் சுருங்கிப் போயிற்று. டபுள் டேப்பும் அதன்மேல் பேக்கிங் டேப்பும் போதும்.

லாஞ்சருக்குத்தான் என் மார்க் முழுசாக. அதற்காகவே காசு கொடுக்கலாம். ஆனால் மணலும் உப்பும் அதன் ஓ-ரிங்கை, அதாவது காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையத்தை, தின்றுவிடும். நான் புத்திசாலித்தனமாகத் தேங்காய் எண்ணெய் தடவினேன், ஒரே மாசத்தில் ரிங் உப்பி இறுகிவிட்டது. ஆர்ஓ சர்வீஸ் கடையில் அதே அளவு ரிங் கிடைத்தது, சிலிகான் கிரீஸும் அங்கேயே. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கிறேன். அப்படியும் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒருமுறை மாற்றினேன்.

கிட்டில் எனக்குக் கோபம் வந்தது அந்த இரண்டு மீட்டர் கயிற்றின் மேல்தான். அறுபது பிஎஸ்ஐ ஏறிய பாட்டிலுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிற்க வைக்கிற அளவு அது. கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரம்) வலைச்சாமான் கடையில் எட்டு மீட்டர் நைலான் கயிறு வாங்கிக் கட்டினேன். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் கயிற்றைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பாட்டிலில் கீறலோ வெள்ளைக் கோடோ தெரிந்தால் அன்றோடு அது குப்பை. புதுப் பாட்டிலை முதலில் வழிய வழிய தண்ணீர் நிரப்பி 80 வரை ஏற்றிப் பார்ப்போம். முழுக்கத் தண்ணீராக இருந்தால் கிழிந்தாலும் சிதறாது, ஒழுகும்.

ஏழு வயசுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் இப்போது வாங்காதீர்கள், பம்ப் அடிக்கிற வேலை முழுக்க உங்கள் காலுக்குத்தான். பெரிய பிள்ளைகள் என்றால் வாங்கலாம்.

வலைப் பெரியவரின் பேரன் போன மாசம் சொந்தமாக ஒன்று கட்டிக்கொண்டு வந்தான். அவனுடையது எங்களுடையதைவிட இரண்டு டிகிரி மேலே போனது. பையன் அன்றிலிருந்து களிமண்ணைக் கிராம் கணக்கில் நிறுத்துக்கொண்டிருக்கிறான்.