ஹாஸ்பிஸுக்காக மாரத்தான்: லண்டனா, மான்செஸ்டரா, ஊர் நடையா?

பிரிட்டனில் ஹாஸ்பிஸ் (குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் இடம்) கவனிப்புக்கு நோயாளியோ குடும்பமோ ஒரு பென்னிகூடக் கட்டுவதில்லை. ஆனால் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அரசிடமிருந்து வருகிறது. மீதியைப் பழைய துணி விற்கும் கடைகளும், உயில் எழுதி வைப்பவர்களும், மாரத்தான் ஓடுபவர்களும்தான் நிரப்புகிறார்கள். அதனால் ஓடலாம் என்று முடிவெடுத்தவர் அடுத்துக் கேட்க வேண்டியது, எந்த வழியில் ஓடினால் ஹாஸ்பிஸின் கையில் அதிகம் சேரும் என்பதைத்தான். மெடல் எது அழகு என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானோருக்கு முதலில் தோன்றுவது லண்டன் மாரத்தானில் சாரிட்டி இடம், அதாவது தொண்டு நிறுவனம் வழியாகக் கிடைக்கும் இடம். 1981இல் தொடங்கிய இந்த ஓட்டத்தின் பேரே பாதி வேலையைச் செய்துவிடும். "லண்டன் மாரத்தான் ஓடுகிறேன்" என்றால் போதும், அலுவலகத்தில் பேசாத ஆள்கூட இருபது பவுண்ட் போடுவார். கட்டி சார்க் கப்பலைச் சுற்றி, டவர் பிரிட்ஜைக் கடந்து, கேனரி வார்ஃபில் கால் கனத்து, அரண்மனைக்குப் பக்கத்தில் தி மாலில் முடியும் 42.195 கிலோமீட்டர் முழுக்கக் கூட்டம் கத்திக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த இடம் சும்மா வருவதில்லை. ஹாஸ்பிஸ் அதை ஓட்டத்தை நடத்துபவர்களிடம் பல நூறு பவுண்ட் கொடுத்து வாங்குகிறது. அதை ஈடுகட்டத்தான் உங்களிடம் 2,000 பவுண்டுக்குக் குறையாமல் திரட்டித் தருவதாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். பெரிய தொண்டு நிறுவனங்களிடம் நிறைய இடங்கள் இருக்கும். ஊர் ஹாஸ்பிஸிடம் ஒன்றோ இரண்டோதான். அதை வாங்கிக்கொண்டு இலக்கில் பாதியோடு நின்றுவிட்டால், 4,000 திரட்டியிருக்கக்கூடிய இன்னொருவரின் இடத்தை நீங்கள் அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கேட்கக் கடுமையாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான்.

அதே லண்டனைக் குலுக்கலில் பிடித்தால் கதையே வேறு. நுழைவுக் கட்டணத்தை நீங்களே கட்டுகிறீர்கள். ஹாஸ்பிஸுக்கு இடத்துக்கான செலவு இல்லை, உங்களுக்கு இலக்கு என்ற நெருக்கடியும் இல்லை. திரட்டுவது 600 பவுண்டாக இருந்தாலும் ஏறக்குறைய முழுசாக அங்கே போய்ச் சேரும். இங்கே சொல்லும் நான்கு வழிகளில் கணக்குப்படி இதுதான் சிறந்தது, கிடைத்தால்! 2026 ஓட்டத்துக்குப் பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். முந்தைய ஆண்டு ஓடி முடித்தவர்களோ 56,000 பேருக்குச் சற்று மேல். இதை நம்பி உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காதீர்கள். விண்ணப்பத்தில் கட்டணத்தை நன்கொடையாக விட்டுக்கொடுக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதை டிக் செய்தால் இடம் கிடைக்காவிட்டாலும் இரண்டாவது குலுக்கலில் பெயர் சேரும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பணம் லண்டன் மாரத்தான் ஃபவுண்டேஷனுக்குப் போகிறது, உங்கள் ஹாஸ்பிஸுக்கு இல்லை.

என் ஓட்டு மூன்றாவதற்கு: மான்செஸ்டர், பிரைட்டன் போன்ற மாரத்தான்கள். பெரும்பாலும் குலுக்கல் கிடையாது, இடம் இருக்கும்போது பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டியதுதான். அதே தூரம், அதே குளிர்காலப் பயிற்சி, அதே முட்டி வலி. மான்செஸ்டர் பெரிய ஏற்றமில்லாத பாதை என்று பெயரெடுத்தது, முதல்முறை ஓடுபவருக்கு அது சின்ன வரம் இல்லை. குறை என்றால் பேருக்கு உள்ள மவுசு. லண்டனுக்கு இருபது பவுண்ட் தருபவர் இதற்குப் பத்தோடு நிறுத்திவிடலாம். ஆனால் ஹாஸ்பிஸ் எதையும் முன்பணமாகக் கட்டவில்லை என்பதால் அந்தப் பத்தும் உருப்படியான பத்து.

முழு மாரத்தான் வேண்டாம் என்பவர்களுக்கு நியூகாசிலில் தொடங்கும் கிரேட் நார்த் ரன் இருக்கிறது, பாதித் தூரம். அதைவிட எளிது ஹாஸ்பிஸ்களே நடத்தும் இரவு நடை. நுழைவுக் கட்டணமே நேராக அவர்களுக்குப் போகும், அம்மா சித்தி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் ஐந்து கிலோமீட்டர் நடைக்கு யாரும் பெரிய தொகை தரமாட்டார்கள். நாம் படும் பாட்டைப் பார்த்துத்தானே பர்ஸ் திறக்கிறது.

எந்த வழியானாலும் கிஃப்ட் எய்ட் விஷயத்தில்தான் நம் ஆட்கள் நிறைய விடுகிறார்கள். பிரிட்டனில் வரி கட்டுபவர் 20 பவுண்ட் கொடுத்து, படிவத்தில் கிஃப்ட் எய்ட் கட்டத்தை டிக் செய்தால், அரசு 5 சேர்த்து 25 ஆக்கும். கோயில் வாசலில் ஆளுக்கு ஐந்து, பத்து என்று காசாக வாங்கி, மொத்தத்தையும் உங்கள் பெயரில் ஜஸ்ட்கிவிங் என்ற நன்கொடை இணையதளத்தில் போட்டால் அந்த 5 கிடைக்காது. ஏனென்றால் அது உங்கள் பணமில்லை. காகிதப் படிவம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்: முழுப்பெயர், வீட்டு முகவரி, போஸ்ட்கோட், தொகை, ஒரு டிக். ஹாஸ்பிஸிடம் கேட்டால் அவர்களே தருவார்கள். கொத்துரொட்டி விற்றும் ராஃபிள் டிக்கெட் கிழித்தும் வந்த காசுக்குக் கிஃப்ட் எய்ட் செல்லாது, பதிலுக்கு ஒரு பொருளோ வாய்ப்போ கொடுத்துவிட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ மாமா அனுப்பும் பணத்துக்கும் பொதுவாகக் கிடைக்காது, அவர் இங்கே வரி கட்டாதவரை. அப்புறம், வேலை செய்யும் இடத்தில் திரட்டிய தொகைக்கு ஈடாகக் கம்பெனியும் போடுமா என்று கேட்டுவிடுங்கள். அது ஒன்றே இலக்கைப் பாதியாக்கிவிடும்.

யாருக்காக ஓடுவது என்பதிலும் போட்டி உண்டு. மேரி க்யூரி என்ற தொண்டு நிறுவனம் நாடு முழுக்க வீடு வீடாக நர்ஸ்களை அனுப்புகிறது, ஓடுபவர்களுக்கு உதவும் குழுவும் பெரிது. ஊர் ஹாஸ்பிஸில் அந்த வசதியெல்லாம் குறைவு. ஆனால் தருபவருக்கு அந்தக் கட்டடம் தெரியும். ஹாரோவில் இருப்பவருக்குக் கென்டன் செயின்ட் லூக்ஸ், டூட்டிங்காரருக்குக் கிளாபம் ராயல் டிரினிட்டி, ஈஸ்ட் ஹாம் பக்கம் ஹாக்னி செயின்ட் ஜோசப்ஸ். தன் தகப்பனைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொண்ட இடம் என்றால் பெரிய விளக்கம் தேவையில்லை, கொடுத்துவிடுவார்கள்.

ஆக, அலுவலகமும் சொந்தமும் பெரிசு, கூச்சமில்லாமல் பத்துத் தடவை கேட்பேன் என்பவர் மட்டும் லண்டன் சாரிட்டி இடத்துக்குப் போகலாம். மற்றவர்கள் குலுக்கலில் பெயரைப் போட்டுவிட்டு மான்செஸ்டரில் பதிவு செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஹாஸ்பிஸின் நிதி திரட்டும் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வேறு ஓட்டங்களிலும் அவர்களிடம் ஏற்கெனவே வாங்கிய இடங்கள் மீந்து கிடக்கலாம். காலில் அடிபட்டு ஓட முடியாமல் போனால் இலக்குத் தொகை என்னவாகும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.