லெந்து நாட்களுக்கான ஒரு தியானக் கையேடு

கிறிஸ்தவர்களின் நோன்புக் காலமான லெந்தில், சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முன்தினம் வரை, ஞாயிறுகளை நீக்கி 40 நாட்களுக்கு எழுதப்பட்டுள்ள இக்கையேட்டை ஆலயத்தை ஒட்டிய கடையில் வாங்கி, நாள்தோறும் வாசித்து முடித்தேன். இதன் சிறந்த பகுதி பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலியாவைப் பற்றியது. சூரைச்செடியின் கீழே சாவை வேண்டிப் படுத்துக்கொண்ட தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் அளித்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீருமே என்பதை நினைவூட்டி, சோர்வுற்றவரை அவிசுவாசி என்று எளிதில் தீர்ப்பிடும் நம் சபை வழக்கத்தை ஆசிரியர் மென்மையாக, ஆனால் விடாமல் கேள்வி கேட்கிறார். இயேசுவை வீட்டில் வரவேற்று, பணிவிடை வேலைகளில் பரபரத்த மார்த்தாளைப் பற்றிய தியானம் அவ்வளவு ஆழமாக இல்லை; எழுதியவர் அடுப்பங்கரைப் பக்கம் அதிகம் போனதில்லை போலும். கடனும் வேலையிழப்பும் இரண்டே பக்கங்களில் கடந்துபோகின்றன. எழுத்துகள் மிகச் சிறியவையாதலால், என் தாயாருக்கு நானே உரக்க வாசிக்க வேண்டியிருந்தது.